ஆளில்லாத வார்டில் 5,760 பேர்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்கு ஒரே நாளில், ஒரே அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் ஒரே முத்திரை, ஒரே கையெழுத்து. பதினேழாம் வார்டில் மக்கள் மிகவும் குறைவாக வசிப்பதால் அங்குள்ள சுகாதார நிலையம் மாதக் கடைசியோடு மூடப்படும் என்றது முதல் கடிதம். பதினேழாம் வார்டில் மக்கள் மிகவும் நெருக்கியடித்து வசிப்பதால் வீட்டுக்கு இரண்டு பேர் மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும் என்றது இரண்டாவது.

மெக்கானிக் முதலில் தபால்காரரைத்தான் சந்தேகப்பட்டார்.

"வேற வார்டு லெட்டர் ஏதாவது கலந்துடுச்சா அண்ணே?"

"ரெண்டும் உங்களுக்குத்தான். தெரு முழுக்க ரெண்டு ரெண்டாத்தான் குடுத்துட்டு வர்றேன். மூணாவது வரிசையில ஒரு அம்மா ரெண்டையும் என் மூஞ்சியிலயே வீசிட்டாங்க."

மெக்கானிக்கின் மனைவி இரண்டு கடிதங்களையும் அடுப்பங்கரை மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள்.

"நம்ம வீட்ல இருக்கறதே மூணு பேர். ரெண்டு பேர் போனா மிச்சம் ஒருத்தர். அந்த ஒருத்தர் யாருன்னு போட்டிருக்கானா பாருங்க."

"போடலை."

"சுகாதார நிலையத்தை மூடிட்டா பாப்பாவுக்கு யாருங்க மிஷின் வைப்பா?"

அதுதான் விஷயம். எட்டு வயது மகளுக்கு இழுப்பு. வாரத்தில் ஒருநாளாவது நெஞ்சு ஏறி இறங்கி, உதடு வெளுத்துப்போய், பேச்சுக்கு நடுவே மூச்சைத் தேட ஆரம்பித்துவிடுவாள். தூக்கிக்கொண்டு ஓடினால் மூன்றே நிமிடத்தில் சுகாதார நிலையம். நர்சம்மா எதுவும் கேட்காமல் மூச்சு மிஷினின் முகமூடியை மாட்டுவார். பதினைந்து நிமிடத்தில் பெண் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்பாள். கடையில் ஒரு மிஷின் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் ஒதுக்கீட்டுச் சீட்டு வேண்டும். சீட்டைத் தருவது, கடிதங்களை அனுப்பிய அதே மக்கள் அடர்த்தி சராசரி இயக்ககம்.

இயக்ககத்துக்குள் நுழைய சாதாரண ஆளுக்கு ஆறு வாரம் ஆகும். மெக்கானிக்குக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஒரே லிஃப்டைப் பராமரிப்பவர் அவர்தான். எட்டுப் பேருக்கான லிஃப்ட் அது. எட்டுக்கு மேல் ஏறினால் அடிக்கிற மணி ஒன்று அதில் இருந்தது. பெரிய அதிகாரிகள் ஏறும்போது மணி அடிப்பது மரியாதைக் குறைவு என்று யாரோ ஒயரை வெட்டுவார்கள், இவர் ஒட்டுவார், அவர்கள் மறுபடி வெட்டுவார்கள். ஐந்து வருடமாக இது நடந்துகொண்டிருந்தது.

வாசலில் காவலாளி. உள்ளே போகும்போது பையைத் திறந்து பார்த்து, எழுதச் சொல்லி, எழுதியதை உரக்கப் படித்து, முத்திரை குத்துவது அவருடைய வேலை. வெளியே வரும்போதும் அதேதான். ஒருமுறை மெக்கானிக் இரண்டு திருகாணிகளைத் தவறுதலாகப் பையில் போட்டுக்கொண்டு வந்ததற்கு அரைமணி நேரம் நிற்க வைத்தவர்.

"கொண்டுவரும் பொருள்: ஸ்பானர், கிரீஸ், டெஸ்டர், ஒரு மனு," என்று காவலாளி படித்தார். "மனுவா? எதுக்கு?"

மெக்கானிக் இரண்டு கடிதங்களையும் நீட்டினார். காவலாளி அவற்றைத் தொடவில்லை.

"எங்க வீட்டுக்கும் வந்திருக்கு," என்றார். "ரெண்டாவது வரிசைதான் நான். மூணாவது மாடிக்குப் போங்க."

மூன்றாவது மாடி நிலவழிப் பிரிவு. அங்கிருந்த அதிகாரி மேசையில் மூன்று கால்குலேட்டர்களை வைத்திருந்தார். ஒன்று தவறு செய்தால் மற்ற இரண்டும் சாட்சி.

"உங்க வார்டுல ஐயாயிரத்து எழுநூத்தி அறுபது பேர். பரப்பளவு பன்னிரண்டு சதுர கிலோமீட்டர். வகுத்தா நானூத்தி எண்பது. ஐநூறுக்குக் கீழ வந்தா ஆள் குறைவு. ஆள் குறைவான இடத்துல சுகாதார நிலையம் எதுக்கு?"

"ஐயா, பன்னிரண்டுல முக்கால்வாசி பழைய விமான ஓடுதளம். மிச்சத்துல உங்க ஆபீஸ் புல்வெளியும் காய்ஞ்ச உப்பளமும். நாங்க இருக்கறது நாலு வரிசைக் கட்டடம், நூத்துல ஒரு பங்கு இடம். மத்த இடத்துல ஒரு ஈ காக்கா கிடையாது."

"அதைத்தானே நானும் சொல்றேன்? ஆள் குறைவுன்னு."

மெக்கானிக்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தெரிந்த தொழிலைக் கொண்டுதான் மனிதன் வாதாட முடியும்.

"ஐயா, உங்க லிஃப்ட்டுல எட்டுப் பேர்னு பலகை இருக்கு. பதினாறு பேர் ஏறிட்டு, 'கட்டடத்துல ஒன்பது மாடி இருக்கு, மாடிக்கு ரெண்டு பேர்கூட வரலை'ன்னு சொன்னா கயிறு கேட்குமா?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தார்.

"பதினாறை ஒன்பதால வகுத்தா ஒண்ணு புள்ளி ஏழு எட்டு. ரொம்ப அழகா இருக்கே. இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே. எழுதி வச்சுக்கறேன்," என்றார்.

மெக்கானிக் படியேறினார். ஐந்தாவது மாடி ஆள்வழிப் பிரிவு. அங்கிருந்த அதிகாரியம்மா அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"நாங்க நிலத்தைக் கேட்கறதில்லை. புல்லுக்கு நெரிசல்னா என்னன்னு தெரியுமா? நாங்க ஆளைக் கேட்போம். ஒவ்வொருத்தரும் எவ்வளவு நெருக்கத்துல இருக்காங்கன்னு பார்த்து, அதுக்கு சராசரி எடுப்போம். உங்க வார்டுல சதுர கிலோமீட்டருக்கு நாற்பத்தெட்டாயிரம். பயங்கரம். மனுஷங்க வாழற இடமா அது?"

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒருவர், அவர் வாழ்கிற வீட்டைக் கணக்கில் பார்த்துவிட்டார்.

"அப்போ சுகாதார நிலையத்தை மூட வேண்டாம்னு எழுதிக் குடுங்கம்மா."

"அது மூணாவது மாடி வேலை. எங்க மாடியில வெளியேத்தறது மட்டும்தான். வீட்டுக்கு ரெண்டு பேர். யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

ஏழாவது மாடி நடுக்கட்டப் பிரிவு. சுவர் முழுக்கப் பதினேழாம் வார்டின் வரைபடம், பன்னிரண்டு கட்டங்களாகக் கோடு போட்டு. ஒல்லியான ஒரு அதிகாரி குச்சியோடு நின்றிருந்தார். மேலேயும் கீழேயும் உள்ளவர்கள் செய்கிற சராசரியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கட்டங்களை ஆள் எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பது எதுவோ அதுதான் உண்மை என்பது அவர் கட்சி.

"மொத்த ஜனமும் இந்த ஒரே கட்டத்துல. மத்த பதினொண்ணும் காலி. அப்போ நடுவுல நிக்கறதும் காலிதான். ஆக, உங்க வார்டுல யாருமே இல்லை."

"நான் இருக்கேனே ஐயா."

"மனு குடுக்கறவர் அந்த வார்டுல வசிக்கறவரா இருக்கணும். யாருமே வசிக்காத வார்டுலேர்ந்து மனு வாங்கறதுக்குச் சட்டத்துல இடமில்லை."

"அப்போ நான் யாருங்க?"

"அது எங்க பிரிவுல வராது," என்றார் அவர், நிஜமாகவே வருத்தத்தோடு.

ஒன்பதாவது மாடியில் இயக்குநர். அந்த அறையில் மெக்கானிக்கின் வீடு நாலு முறை அடங்கும். ஜன்னலுக்கு வெளியே புல்வெளி கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில், துவைத்த துணிகள் தொங்கும் நாலு வரிசைக் கட்டடம் கையளவு தெரிந்தது. இயக்குநர் மனுவைப் படிக்கவில்லை. அதன் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ஒரே வார்டுக்கு மூணு கணக்கு எப்படின்னு கேட்கறீங்க. நல்ல கேள்வி. மக்களுக்கு ஏதாவது கொடுக்கணும்னா நிலத்தைக் கேட்போம். மக்கள்கிட்டேர்ந்து ஏதாவது எடுக்கணும்னா ஆளைக் கேட்போம். மக்களே வந்து நின்னா நடுக்கட்டத்தைக் கேட்போம். இதுல எந்தக் கணக்காவது தப்புன்னு நிரூபிங்க, நான் இப்பவே ராஜினாமா பண்றேன். மூணுமே சரி. முப்பது வருஷ உழைப்பு இது."

"என் பொண்ணுக்கு மூச்சு விட முடியலைங்க."

"வார்டு முழுக்க சராசரி எடுத்துப் பாருங்க. எல்லாரும் நல்லாத்தான் மூச்சு விடறாங்க."

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வந்தார். கையில் ஸ்பானர் இருந்தது. அதைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் படியிறங்கினார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோராலும் அது முடியாது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது இயக்ககத்தில் சராசரி நாள் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வரும் விழா அது. இயக்குநரும் பதினைந்து மூத்த அதிகாரிகளும் புல்வெளியில், சரியான அடர்த்தி எப்படியிருக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டுவார்கள். அந்த வருடம் பதினேழாம் வார்டின் நானூற்று எண்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் ஆளுக்கு ஆள் நாற்பத்தைந்து மீட்டர் இடைவெளி. சுண்ணாம்பு வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர். இயக்குநர் பேசியது பக்கத்து வட்டத்துக்கே கேட்கவில்லை. ஆனாலும் முதல் ஆள் கைதட்டியதைப் பார்த்து அடுத்தவர் தட்ட, கைதட்டல் புல்வெளியைச் சுற்றி வந்துசேர ஒரு நிமிடம் ஆனது. புகைப்படக்காரர் பின்னாலேயே நடந்து நடந்து, கடைசியில் எல்லோரும் படத்துக்குள் அடங்கியபோது ஒருவர் முகமும் தெரியவில்லை. அந்தப் படம்தான் ஆண்டறிக்கையின் அட்டை.

அப்போது மழை பிடித்துக்கொண்டது.

நாற்பத்தைந்து மீட்டர் இடைவெளி ஒரு நிமிடத்தில் காணாமல் போனது. பதினாறு பேரும் தலைதெறிக்க ஓடி வந்து லிஃப்டின் முன்னால் நின்றார்கள். ஒன்பதாவது மாடியில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. முதலில் எட்டுப் பேர் போகலாமா, அதில் யார் யார் என்று லேசாக ஒரு தயக்கம் வந்தது. மூன்றாவது மாடி அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"கட்டடத்துல ஒன்பது மாடி. நாம பதினாறு பேர். மாடிக்கு ரெண்டு பேர்கூட வரலை. இது நம்ம லிஃப்ட் மெக்கானிக்கே சொன்ன கணக்கு."

பதினாறு பேரும் ஏறினார்கள். மணி அடிக்கவில்லை. அதன் ஒயரை விழாவை முன்னிட்டுக் காலையில்தான் வெட்டியிருந்தார்கள். லிஃப்ட் நான்காவது மாடியை முக்கி முனகித் தாண்டியது. பிறகு இரண்டடி கீழே வழுக்கி, பிடிப்பான் இறுகி, இரண்டு மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது.

விழா நாளென்றால் மெக்கானிக்கும் கட்டடத்தில் இருக்க வேண்டும். மொட்டைமாடி இயந்திர அறையில் போன் அடித்தது. எடுத்தார்.

"யோவ், லிஃப்ட் நின்னுடுச்சு," என்றது இயக்குநரின் குரல். "நகர இடமில்லை. என் கால் எதுன்னே எனக்குத் தெரியலை."

"எத்தனை பேர் ஐயா உள்ளே?"

"பதினாறு."

"கட்டடத்துக்கு ஒன்பது மாடி. மாடிக்கு ஒண்ணு புள்ளி ஏழு எட்டுதான் வருது. ஆள் குறைவுங்க. ஆள் குறைவான இடத்துக்கு மெக்கானிக் எதுக்கு?"

கொஞ்ச நேரம் பதினாறு பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதிகாரியம்மாவின் குரல் நசுங்கி வந்தது: "ஆள்வழியில பாருங்க, ஆள்வழியில பாருங்க."

"அது ஐந்தாவது மாடி வேலைம்மா. நீங்க நாலாவதுக்குப் பக்கத்துல நிக்கறீங்க."

"நாங்க உள்ளதான்யா இருக்கோம்," என்று அழாத குறையாகச் சொன்னது ஒல்லி அதிகாரியின் குரல்.

"ஒன்பது மாடி, ஒரு லிஃப்ட், ஆகப் பத்து இடம். நடுவுல நிக்கற இடத்தைப் பாருங்க ஐயா. காலிதான்," என்றார் மெக்கானிக். போனை வைத்துவிட்டு, லிஃப்டைக் கையால் நகர்த்தும் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. சக்கரம் இறுகியிருந்தது என்று அவர் அறிக்கையில் எழுதினார். இறுகியிருந்தது சக்கரம் இல்லை.

மெக்கானிக் இறங்கி வந்து கதவைத் திறந்ததும் இயக்குநர் சரிந்து விழுந்தார். உதடு வெளுத்திருந்தது, பேச்சுக்கு நடுவே மூச்சைத் தேடினார். அந்த முகம் மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரிந்த முகம். வாரம் ஒருமுறை அதைத் தன் வீட்டில் பார்க்கிறார். யோசிக்காமல் இயக்குநரைத் தோளில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினார். இருபத்தைந்து நிமிடம் ஆக்கிய அதே ஆள்தான் ஓடியதும்.

நர்சம்மா யார் என்று கேட்கவில்லை. முகமூடியை மாட்டினார். பதினைந்து நிமிடத்தில் இயக்குநர் எழுந்து உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். பெஞ்சு கொள்ளாமல், வாசல் கொள்ளாமல், மழையில் குடை பிடித்துக்கொண்டு முப்பது பேர் அந்த மிஷினுக்காகக் காத்திருந்தார்கள். இயக்குநர் அவர்களையே நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு பேரா," என்று மெல்லக் கேட்டார்.

"இன்னைக்கு மழை, கூட்டம் கம்மி," என்றார் நர்சம்மா.

இயக்குநர் மிஷினைத் தடவிக் கொடுத்தார். மெக்கானிக்கின் கையைப் பிடித்து அழுத்தினார். "எனக்கு இப்பத்தான் எல்லாம் புரிஞ்சுது. நீங்க கவலைப்படாம போங்க," என்றார். மெக்கானிக் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. இயக்குநருக்குப் புரிந்தது இதுதான். இரண்டு சதுர மீட்டர் லிஃப்டில் பதினாறு பேர் என்றால், ஆள்வழியில் சதுர கிலோமீட்டருக்கு எண்பது லட்சம். நகரத்திலேயே மிக நெரிசலான இடம் இயக்ககம்தான். ஆகவே பதினேழாம் வார்டு சுகாதார நிலையம் அறிவித்தபடியே மூடப்பட்டு, அதன் மூச்சு மிஷின் இயக்ககத்தின் ஒன்பதாவது மாடிக்கு மாற்றப்படுகிறது. இயக்ககம் அதே வார்டின் எல்லைக்குள் இருப்பதால், வார்டு மக்களுக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை.

மிஷின் கண்ணாடி அலமாரிக்குள் போனது. நர்சம்மாவின் வேலை போனது. ஆள் குறைக்கும் ஆய்வாளர்கள் வேறு வந்தார்கள். இந்த வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அந்த வீட்டிலும், அந்த வீட்டு ஆட்கள் இரண்டு பேர் இந்த வீட்டிலும் ஒளிந்துகொண்டார்கள். காவலாளி தன் தாயைத் துணிமூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தார். அந்த அம்மாவுக்கும் இழுப்பு. ஆய்வாளர் போகிறவரை இருமலை அடக்கி அடக்கி அன்று முழுக்க அவருக்கு நெஞ்சு வலித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கின் மகளுக்கு இழுப்பு வந்தது. நர்சம்மா ஓடி வந்தார், வெறும் கையோடு. முதலில் இயக்ககத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிஷின் அலமாரியைத் திறக்க மனு வேண்டும், மனுவை ஏழாவது மாடி ஏற்க வேண்டும், யாருமே இல்லாத வார்டின் மனுவை ஏழாவது மாடி ஏற்காது. பெரிய மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாறினார்கள். இரண்டாவது பேருந்தில் பெண் அம்மாவின் மடியில் கிடந்து, "அப்பா, கதவைத் திறங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. இன்னும் அரைமணி தாமதமாகியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மெக்கானிக் வராந்தாவில் போய் நின்று, சுவரைக் கையால் குத்தினார். ஒரு எலும்பு விரிசல் விட்டது.

பதினைந்தாம் தேதி லிஃப்டுக்கு மாதாந்திரப் பராமரிப்பு. கைக்கட்டோடு போனார். கயிற்றுக்கு எண்ணெய் போட்டார், பிரேக்கைச் சரிபார்த்தார், மணியின் ஒயரை ஒட்டினார். ஒன்பதாவது மாடியிலிருந்து இயக்குநர், ஆண்டறிக்கை வெளியீட்டுக்காக எல்லோரையும் கூட்டிக்கொண்டு கீழே போயிருந்தார். எட்டு எட்டுப் பேராக. மெக்கானிக் ஸ்பானரால் கண்ணாடி அலமாரியின் கீலைக் கழற்றினார். மிஷினைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கீலை மறுபடியும் ஒழுங்காகத் திருகி வைத்தார். செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்தே பழக்கம் அவருக்கு.

வாசலில் காவலாளி பையைத் திறந்தார். வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு பதிவேட்டைத் தள்ளினார். 'எடுத்துச் செல்லும் பொருள்' என்ற இடத்தில் மெக்கானிக் இடது கையால் எழுதினார். காவலாளி எழுந்து நின்று உரக்கப் படித்தார்.

"கட்டடத்தில் மிஷின் ஒன்று. மாடிகள் ஒன்பது. சராசரி, மாடிக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்று. முழு எண்ணாக்கினால் பூஜ்யம். ஆகவே, எடுத்துச் செல்வது ஒன்றுமில்லை."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். இன்னொருமுறை தட்டினார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு," என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். பையின் ஜிப்பை அவரே இழுத்து மூடி, மெக்கானிக்கின் நல்ல கையில் கொடுத்தார்.

"பாப்பாவுக்கு வச்சு முடிச்சதும், எங்கம்மாவுக்கும் ஒருதடவை வச்சுடச் சொல்லுங்க நர்சம்மாகிட்ட. துணிமூட்டைக்குப் பின்னாடிதான் இருப்பாங்க."